மூணு வீட்டு நாயும் ஒரு உண்ணி மருந்தும்

நாய்க்கு உண்ணி மருந்து விக்கிற தொழில்ல ஒரு வசதி இருக்கு: மருந்து போட்டுக்கிட்ட ஆளு திரும்பி வந்து சண்டை போட மாட்டான். ஒரு கஷ்டமும் இருக்கு: அவனுக்குப் பதிலா அவன் குடும்பமே கிளம்பி வரும்.

நான் மும்பையில மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில கவுண்டர்ல நிக்கேன். நாயை விக்கிற கடை இல்லை. நாய்க்கு வேண்டிய தீனி, சோப்பு, சங்கிலி, மருந்து விக்கிற கடை. பி.காமைப் பாதியில விட்டேன். அப்புறம் பீட்சா டெலிவரியை விட்டேன், கால் சென்டரை விட்டேன், மொபைல் கவர் வியாபாரம் என்னை விட்டுச்சு. வீடு தாராவி. "உனக்கெல்லாம் நாய்ப் பொழப்புடா"ன்னு எங்கப்பா ரொம்ப வருசமாத் திட்டிட்டு இருந்தாரு. இப்ப யாராவது மவன் என்ன பண்றான்னு கேட்டா அதையே பதிலாச் சொல்லுதாரு.

கவுண்டருக்குப் பின்னாடி நின்னு, சிரிச்ச மூஞ்சியோட பொழைக்கிற மக்கா, உங்களுக்குத்தான் இது புரியும். மழை ஆரம்பிச்சா எங்களுக்கு உண்ணி சீசன். இந்த சீசன்ல ஒரு நாய் என் உசுரை எடுத்துருச்சு. கடிக்கலை. பொழைக்குமா பொழைக்காதான்னு தாராவி வரைக்கும் என்னைப் பதறிட்டு ஓட வெச்சுது. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரைப் பத்திச் சொல்லணும். அந்த நாய் விசயத்துல எனக்கு மூளை வேலை செஞ்சதே அவங்க புண்ணியத்துலதான்.

மாமாவின் எடை

கடைக்கு நேர் மாடியில டாக்டரம்மா கிளினிக். மராட்டிக்காரங்க. மாட்டுங்கா நாய்களோட பழகிப் பழகி தமிழும் கொஞ்சம் வரும். என் வாயைப் பாத்து என்னை "வக்கீல்"னுதான் கூப்பிடுவாங்க. அவங்க எனக்குச் சொன்ன முதல் சட்டம்: நாயோட எடை தெரியாம உண்ணி மருந்தை எடுத்துக் கையில குடுக்காதே.

ஒரு மாமா வந்தாரு. பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. கூட மாமி, மாமி கையில ஒரு பொமரேனியன். "பெரிய நாய்க்குப் போடற டப்பாவா குடுடா அம்பி. நான் பாதி பாதியா ரெண்டு தடவை போட்டுக்கறேன். அதானே லாபம்?" அப்படி எல்லாம் பிரிக்கக் கூடாது மாமா, கண்ணால பாத்து ஊத்துனா ஜாஸ்தி ஆயிரும், சின்ன உடம்பு தாங்காதுன்னு சொன்னேன். எடை எவ்வளவுன்னு கேட்டேன். அரிசி மூட்டையைத் தூக்குற மாதிரி நாயை ஒரு தூக்கு தூக்கிட்டு, "எட்டு கிலோ"ன்னாரு. "போன வாரம் நாலுன்னேளே"ன்னு மாமி சொன்னா.

தராசுல ஏத்துனா அந்தப் பொமரேனியன் டிஸ்கோ ஆடுது. அதனால மாமா நாயைத் தூக்கிட்டு ஏறணும், அப்புறம் தனியா ஏறணும், ரெண்டையும் கழிச்சா நாய். சுலபமான கணக்குதான். ஆனா மாமா ஏற மாட்டேங்காரு. வேர்க்குது. மாமியைப் பாக்காரு, தராசைப் பாக்காரு. மாமியை அந்தப் பக்கம் பெல்ட் பாக்க அனுப்பிட்டு, என் காதுகிட்ட வந்து சொன்னாரு:

"நாயோட வெயிட்டை ஊருக்கே சொல்லு. என் வெயிட்டை மட்டும் அவகிட்ட சொல்லிடாதே, சாயந்தரம் போண்டாவைக் கட் பண்ணிடுவா."

தனி ரூம்

ரெண்டாவது பாடம் செம்பூர் ஆன்ட்டி. அவங்க வீட்டுல ஒரு லாப்ரடார், ஒரு பூனை. நாய்க்குக் கழுத்துப் பின்னாடி விடுற சொட்டு மருந்து வாங்குனாங்க. பில் போடுறப்போ சும்மா பேச்சுவாக்குல, "பூனைக்கும் இதுலயே ஒரு சொட்டு விட்டுக்கறேன்"னாங்க.

என் கை நின்னுருச்சு. நாய்க்கு விடுற சில சொட்டு மருந்து பூனைக்கு விஷம். நேராப் போட்டாத்தான்னு இல்லை. மருந்து காயாத நாயைக் கட்டிப் பிடிச்சாலும், நக்குனாலும் ஆபத்து. மாடிக்கு ஓடி டாக்டரம்மாகிட்ட கேட்டு, பூனை இருக்கிற வீட்டுக்குத் தகுந்த வேற மருந்தா மாத்திக் குடுத்தேன். "இதுவும் காயுற வரைக்கும் ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல வைங்க ஆன்ட்டி"ன்னு சொன்னேன். ஆன்ட்டி பில்லை மடிச்சுப் பையில வெச்சாங்க. அப்புறம் சொன்னாங்க:

"அது கஷ்டம்ப்பா. எங்க வீட்டுல ஒண்ணாப் படுத்துத் தூங்குறதே அவங்க ரெண்டு பேருதான், நானும் எங்க வீட்டுக்காரரும் தனித்தனி ரூம்தான்."

சுல்தானுக்கு பிளாஸ்டிக்கா?

மழை பிடிச்ச புதுசுல மைதீன் பாய் வந்தாரு. தாராவியில லெதர் பை தைக்கிற பட்டறை வெச்சிருக்காரு, பூர்வீகம் மேலப்பாளையம். அவர் பட்டறை நாய் பேரு சுல்தான். போன்ல போட்டோ காமிச்சாரு: கன்னங்கரேல்னு ஒரு நாய், ஒரு முன்னங்காலு மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, இடது காது நுனியில கடிபட்டு ஒரு வெட்டு. பட்டறைப் பயலுவ ஊதுபத்தியால உண்ணியைச் சுட்டு எடுக்கப் பாத்திருக்கானுவ. நல்லவேளை, பாய் பாத்துட்டாரு. "என் தோலை வெட்டு, தை. அவன் தோலைத் தொடாதேன்னு கையை முறுக்கிட்டேன் தம்பி."

எடை கேட்டேன். பங்கார் கடைத் தராசுல, பழைய இரும்புச் சாமான் நிறுக்கிற கொக்கியில கோணி கட்டி நிறுத்தாச்சுன்னாரு. பதினாறு கிலோ. உண்ணிக்கான காலர் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். மருந்து அந்தப் பட்டைக்குள்ளயே இருக்கும், கழுத்துல கிடந்தா மெதுவா முடியில இறங்கும். பாய் அதைத் தடவிப் பாத்தாரு, மடக்கிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. மூஞ்சி செத்துப்போச்சு.

"தம்பி, லெதர்காரன் வீட்டு நாய் கழுத்துல பிளாஸ்டிக் பட்டையா? பக்ரீத்துக்கு வாற மாமன் மச்சான் என்ன நெனப்பான்?"

ஜிம்மி ரொம்ப நல்ல பையன்

கொஞ்ச நாள் கழிச்சு அற்புதம் அக்கா வந்தாவ. மாஹிம்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில ஆயா வேலை, தாராவியில வீடு. அவிய நாய் ஜிம்மி. ராத்திரி ஆனா இவிய வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான் தூக்கம், சின்ன மவன் கூடவே உருளும். பையன் கால்ல தடிப்புத் தடிப்பா இருந்திருக்கு. வீட்டுக்காரரு சொல்லிட்டாராம்: ஒண்ணு உண்ணி போகணும், இல்லை நாய் போகணும். பையன் ரெண்டு நாளாச் சாப்பிடலை. அக்கா கண்ணு கலங்கிப் போயிருந்துச்சு.

எடை? ஆஸ்பத்திரித் தராசுல டாக்டர் இல்லாத நேரமாப் பாத்து நிறுத்தாச்சு, பதினாறு கிலோ. தாராவியில எல்லா நாயும் ஒரே எடையிலதான் வளருது போலன்னு நெனச்சு எனக்கு நானே சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நிறுத்திட்டு ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம். வேற மருந்து ஏதாவது போட்டிருக்கீங்களான்னு கேட்டேன். சத்தியமா இல்லைன்னாவ. அவிய பொய் சொல்லலை. சொட்டு மருந்து குடுத்து, முடியை விலக்கித் தோல்ல விடுங்க, நாக்கு எட்டாத இடத்துல விடுங்க, பையன் கொஞ்ச நேரம் தொடக் கூடாதுன்னு எல்லாம் சொல்லிக் குடுத்தேன். கிளம்புறப்போ பெருமையாச் சொன்னாவ:

"ஜிம்மியை எல்லாருக்கும் பிடிக்கும் தம்பி. பக்கத்துப் பட்டறைக்காரரு பாசத்துல ஒரு லெதர் பட்டை கூடத் தைச்சுப் போட்டிருக்காரு, பாத்துக்கோ."

அண்ணாச்சி காமிச்ச போட்டோ

நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. எனக்கு அதுக்கு மறுநாள் காலையிலதான் மண்டையில ஏறுச்சு. ஏத்துனவரு வேலாயுதம் அண்ணாச்சி. தாராவியில இருந்து சைக்கிள் கேரியர்ல இட்லிக் குண்டானைக் கட்டிக்கிட்டு, ரப்பர் ஹார்னை பாம் பாம்னு அமுக்கிக்கிட்டு மாட்டுங்கா முழுக்க விக்கிறவரு. எங்க கடை வாசல்ல டெய்லி நிப்பாரு. அன்னிக்கு இட்லி குடுத்துட்டு, "ஏலே செல்வா, நம்ம கருப்பனுக்கு உண்ணி மாத்திரை ஒண்ணு குடு"ன்னாரு.

"எடை என்ன அண்ணாச்சி?"

"பதினாறு. இட்லி திங்கதுக்கு முன்னாடி."

எனக்கு முதுகுல ஏதோ ஊர்ந்துச்சு. போட்டோ இருக்கான்னு கேட்டேன். காமிச்சாரு. கருப்பு நாய். வெள்ளை சாக்ஸ். இடது காதுல வெட்டு. கழுத்துல மஞ்ச நூல்ல தைச்ச அருமையான லெதர் பட்டை. பட்டை முடியுற இடத்துல, உறைக்கு வெளிய, நான் வித்த பிளாஸ்டிக் காலரோட வாலு எட்டிப் பாக்குது. மைதீன் பாய் மானம் போகாம இருக்க காலருக்கு மேல லெதர்ல உறை தைச்சு மூடியிருக்காரு.

காலையில இட்லிக்கு அண்ணாச்சி வீடு, மத்தியானம் பட்டறை, ராத்திரி கட்டிலுக்கு அடி. நாய் ஒண்ணு, பேரு மூணு. மூணு வீடும் அது தன் நாய்னும், மத்தவிய பாசத்துல சோறு போடுதாங்கன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கு. கழுத்துல காலர், முதுகுல நேத்துப் போட்ட சொட்டு, இப்ப மாத்திரை கேக்காரு. மாத்திரை டப்பாவை அப்படியே அலமாரியில திருப்பி வெச்சுட்டு, வேற எதுவும் போடலையே அண்ணாச்சின்னு கேட்டேன். அவரு சாதாரணமாச் சொன்னாரு:

"நான் போடலை. உங்க பேச்சி அக்கா இப்பக் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பா, கோரேகாவ்ல எருமைத் தொழுவத்துல வேலை பாக்குத அவ தம்பி மாட்டு உண்ணி மருந்து ஒரு பாட்டில் குடுத்து விட்டிருக்கான்."

பாம் பாம்

அண்ணாச்சி சம்சாரம் பேச்சி அக்காவுக்குப் போன் போட்டா மணி அடிக்குது, எடுக்க ஆளு இல்லை. கிரைண்டர் ஓடுனா அந்த வீட்டுல இடி விழுந்தாலும் கேக்காது. கடை ஸ்கூட்டரை எடுத்தேன். அண்ணாச்சி சைக்கிளை விட்டுட்டு வந்தாரு, குண்டானை விட்டுட்டு வந்தாரு, ஹார்னை மட்டும் கழட்டிக் கையிலயே கொண்டாந்துட்டாரு. ஸ்கூட்டர் ஹார்ன் ரொம்ப நாளா அவுட். அதனால பின்னாடி உக்காந்து வழி முழுக்க பாம் பாம் பாம். நான் மனசுக்குள்ள கணக்குப் போடுதேன்: எருமைக்குக் கலக்குற அளவு, பதினாறு கிலோ நாய். என் வாழ்க்கையில நான் வாயை மூடிட்டு இருந்த தூரம் அது ஒண்ணுதான்.

சிக்னல்ல நிக்கோம். அண்ணாச்சி அழுவுற மாதிரி இருக்காரு, கை மட்டும் பழக்க தோசத்துல ஹார்னை அமுக்குது. பக்கத்து டாக்ஸியில இருந்து ஒருத்தன் தலையை நீட்டி, கையில டிபன் டப்பாவோட ஹிந்தியில கேட்டான்:

"அரே அண்ணா, தோ பிளேட் இட்லி, சட்னி ஜாஸ்தி!"

வாளி

கல்லிச் சந்துக்குள்ள ஸ்கூட்டர் போகாது. ஓடுனோம். வீட்டு வாசல்ல வாளி நிக்குது. பக்கத்துல அந்த மருந்துப் பாட்டில். அதுக்குப் பக்கத்துல கருப்பன், நாலு காலையும் நீட்டி, கண்ணை மூடி, மல்லாக்க. வாய் ஓரமா வெள்ளையா நுரை. அண்ணாச்சி அப்படியே சுவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. நான் முட்டி போட்டு நாய் நெஞ்சுல கையை வெச்சேன். ஒரு கண்ணைத் திறந்தான். என்னைப் பாத்தான். ஏப்பம் விட்டான். நுரை இல்லை மக்கா, தேங்காச் சட்னி.

வாளிக்குள்ள எட்டிப் பாத்தேன். காய்ஞ்சு கிடக்கு. பேச்சி அக்கா உள்ள இருந்து கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாவ. இன்னும் குளிப்பாட்டலையான்னு கேட்டேன். "காலையில பைப்புல காத்துதான் வந்துச்சு. டிரம்முல இருக்க தண்ணி மாவுக்கு வெச்சது. அதை எடுத்து நாயைக் குளிப்பாட்டிட்டு நாளைக்கு இட்லிக்கு உங்க டாக்டரம்மாவா தண்ணி தருவா?" நான் அந்த வாளியைக் கட்டிப் பிடிக்காத குறை. "தண்ணி வரலையா? நிஜமா வரலையா? ஐயோ சூப்பர்க்கா!"ன்னு வாசல்ல நின்னு குதிச்சேன். அக்கா என்னை ஏற இறங்கப் பாத்தாவ:

"தாராவியில தண்ணி வரலைன்னு ஆட்டம் போட்ட மொத ஆளு நீதாம்லே."

மஞ்ச நூலு

ஆபத்து முழுசாத் தீரலை. காலரும் சொட்டும் ஒண்ணா ஏறியிருக்கே. ஆள் விட்டு மைதீன் பாயையும் அற்புதம் அக்காவையும் வரச் சொல்லி, எல்லாருமா டாக்டரம்மா முன்னாடி நின்னோம். "இவன் பேரு?"ன்னு கேட்டாங்க. சுல்தான், ஜிம்மி, கருப்பன்னு ஒரே நேரத்துல மூணு குரல். அப்பத்தான் மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பாத்தாங்க. கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ரெண்டு குடும்பம்னு தெரிஞ்ச மாதிரி ஒரு பார்வை.

டாக்டரம்மா கண்ணைப் பாத்தாங்க, வாயைப் பாத்தாங்க, நடக்க விட்டுப் பாத்தாங்க. எச்சி வடியலை, நடுக்கம் இல்லை, தள்ளாடலை. கத்தரியை எடுத்து லெதர் பட்டையை வெட்டுனாங்க. மைதீன் பாய் கண்ணை மூடிக்கிட்டாரு. உள்ள காலர் புதுசு மாதிரியே இருக்கு. மருந்து முடிக்குப் போகாம உறைக்குள்ளயே கிடந்திருக்கு. அதான் உண்ணியும் போகலை, நாயும் போகலை. பாயோட மானப் பிரச்சினை அவனைக் காப்பாத்தியிருக்கு. இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும்னு காலரைத் தூக்கிப் போட்டு, நாயை நல்லா ஷாம்பூ போட்டுக் கழுவி, சாயந்தரம் வரைக்கும் கண்ணு முன்னாடியே வெச்சுக்கிட்டாங்க. நாங்க நாலு பேரும் படிக்கட்டுல பிரசவ வார்டு வாசல் மாதிரி உக்காந்திருந்தோம். சாயந்தரம் டாக்டரம்மா கதவைத் திறந்து, "டீக் ஹை, நல்லா இருக்கான்"னாங்க. அற்புதம் அக்கா சிலுவை போட்டாவ, அண்ணாச்சி முருகான்னாரு. பாய் அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு, அறுந்த பட்டையைத் தடவிக்கிட்டே கேட்டாரு:

"டாக்டரம்மா, தையலையாவது பிரிச்சிருக்கலாம்லா, இப்படி நடுவுல வெட்டிட்டீங்களே?"

ஒரே கை

உண்ணி இன்னும் இருக்கு. என்ன மருந்துன்னு முடிவு பண்ணணும். டாக்டரம்மா கேள்வி மேல கேள்வி. வீட்டுல சின்னப் பிள்ளை உண்டா? அற்புதம் அக்கா வீட்டுல உண்டு. பூனை? பட்டறையில உண்டு, இவன் வயித்துலதான் சாஞ்சு படுக்கும். அப்ப தோல் மேல போடுறது வேண்டாம், வாய் வழி மாத்திரை நல்லதுன்னாங்க. அதுலயும் ஒண்ணு கேக்கணும், எப்பவாவது வலிப்பு வந்திருக்கா? மூணு பேரும் யோசிச்சாங்க. அண்ணாச்சி பயந்து போயி, "தூக்கத்துல காலை உதைப்பான்"னாரு. அது கனவுன்னாங்க டாக்டரம்மா. முதல்ல போட்ட சொட்டு மருந்து அடங்கட்டும், நான் சொல்லுத அன்னிக்கு மாத்திரை, எடைக்குத் தகுந்த மாதிரி முழுசா ஒண்ணு, வேற எதுவும் கூடாது. மூணு வீட்டுலயும் அவன் படுக்கிற சாக்கைச் சுடுதண்ணியில துவைக்கணும், சுவர் இடுக்கைச் சுத்தம் பண்ணணும், ஏன்னா நாய் மேல இருக்கதை விட உங்க வீட்டுலதான் உண்ணி ஜாஸ்தின்னாங்க. அற்புதம் அக்காவுக்கு மூஞ்சி சிவந்துருச்சு.

அடுத்த சண்டை, மாத்திரையை யாரு குடுக்கது? மூணு பேரும் "என் நாய்". சரி, அவனையே கேப்போம்னு நடுவுல விட்டுட்டு மூணு பக்கமும் நின்னு கூப்பிட்டாங்க. அவன் மூணு பேரையும் பாத்தான், வாலை ஆட்டுனான், நேரா என்கிட்ட வந்து பேண்ட் பாக்கெட்ல மூஞ்சியை விட்டான். பிஸ்கட் இருந்துச்சு. கடைசியில டாக்டரம்மா தீர்ப்பு: சோறு மூணு வீட்டுலயும் போடலாம், மருந்து மட்டும் ஒரே கை. அந்தக் கை பேச்சி அக்கா கை, ஏன்னா காலையில இட்லியில வெச்சுக் குடுத்தா அவன் மறுக்கவே மாட்டான், சட்னி மட்டும் கூடாது. மாட்டு மருந்துப் பாட்டில் எருமைக்கே திரும்பிப் போச்சு.

இப்ப உண்ணி இல்லை. அற்புதம் அக்கா மவன் கால்ல தடிப்பு இல்லை, அவிய வீட்டுக்காரரே நாய்க்குப் புதுச் சாக்கு விரிச்சுப் போடுதாராம். மைதீன் பாய் புதுசா ஒரு பட்டை தைச்சாரு, உள்ள மருந்து எதுவும் இல்லாம, வெறும் லெதர். அதுல மூணு பேரையும் வரிசையாப் பொறிச்சிருக்காரு: சுல்தான் ஜிம்மி கருப்பன். யாரு பேரு முன்னாடின்னு மறுபடியும் சண்டை வருமோன்னு நான் பயந்தேன். அற்புதம் அக்கா பட்டையைத் தூக்கிப் பாத்துட்டுச் சொன்னாவ:

"நடுப்பேரு எங்களோடது, ராத்திரி யாரு கட்டிலுக்கு அடியில தூங்குதான்னு அவனுக்குத் தெரியும்."

இப்பெல்லாம் கவுண்டருக்கு யாரு உண்ணி மருந்து கேட்டு வந்தாலும் நாய் பேரு என்னன்னு நான் கேக்கதே இல்லை, எடை என்னன்னு கேட்டு முடிச்ச உடனே "அவன் வேற யாரு வீட்டுலெல்லாம் சாப்பிடுதான்?"னுதான் கேக்கேன்.